துப்பாக்கிக் குண்டு பாய்ந்த காயம்: முதலுதவி வகுப்பில் எதைச் சொல்லித் தருவது?

முதலுதவி_வகுப்பு:

அனைவருக்கும் வணக்கம். மருத்துவம் படிக்காத தன்னார்வலர்களுக்கு மூன்று மணி நேர வகுப்பு எடுக்கப் பாடக்குறிப்பு தயாரிக்கிறேன். துப்பாக்கிச் சூட்டில் காயம்பட்டவருக்கு உதவுவது எப்படி என்பதுதான் பாடம். ஆளுக்கொரு பை கொடுக்கிறோம்: டூர்னிக்கெட் (கை காலை இறுக்கி ரத்தத்தை நிறுத்தும், முறுக்குக் குச்சி வைத்த பட்டை) ஒன்று, காஸ் (காயத்துக்கு வைக்கும் மெல்லிய வலைத்துணி) இரண்டு சுருள், கையுறை, கத்தரிக்கோல், மார்க்கர் பேனா, ஃபாயில் போர்வை. ஆம்புலன்ஸ் வர இருபது நிமிடம் வரை ஆகலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போதைய திட்டம்: தோட்டா வகைகள் ஒரு மணி நேரம், ரத்தத்தை நிறுத்துவது ஒரு மணி நேரம், மீதி சந்தேகங்களுக்கு. இந்தப் பங்கீடு சரியா? டூர்னிக்கெட் இல்லாவிட்டால் பெல்ட்டால் கட்டலாமா? நெஞ்சில் பட்டால் என்ன செய்வது? இன்னொன்று, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவர்களையும் குடும்பத்தாரையும் போய்ப் பார்க்கப்போவதும் இதே தன்னார்வலர்கள்தான். அந்தப் பகுதிக்கு இதுவரை வெறும் தலைப்பு மட்டுமே எழுதியிருக்கிறேன்.

அவசரசிகிச்சை24:

தோட்டா வகைகளைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடுங்கள். எந்தத் தோட்டா என்று தெரிந்தாலும் தன்னார்வலர் செய்ய வேண்டிய வேலை மாறப்போவதில்லை. மிச்சமாகும் நேரம் முழுவதும் கைப்பழக்கத்துக்குப் போகட்டும்.

70 கிலோ எடையுள்ளவர் உடம்பில் ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம் இருக்கும். அதில் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் போனாலே பேச்சு குழறும், தோல் சில்லிட்டு வியர்க்கும், மணிக்கட்டில் நாடி நூலிழையாகிவிடும். தொடையின் பெரிய தமனி அறுந்தால் இவ்வளவும் போகச் சில நிமிடங்கள் போதும். ஆம்புலன்ஸுக்கு இருபது நிமிடம் என்கிறீர்கள். ஆகவே உயிர் தங்குமா என்பது பெரும்பாலும் உங்கள் ஆட்களின் கையில்தான் இருக்கிறது.

சுடுவது நின்றுவிட்டதா என்று தெரியாமல் யாரும் உள்ளே ஓடக்கூடாது. இதை முதல் வாக்கியமாகவே சொல்லிவிடுங்கள். அடுத்தது, ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டுத் துணியை வெட்டி உடம்பு முழுவதையும் பார்ப்பது. கண்ணில் பட்ட ஒரு ஓட்டையோடு நின்றுவிடுவதுதான் அடிக்கடி நடக்கிற தவறு. அக்குள், முதுகு, பிட்டம், தொடை இடுக்கு, தலைமுடிக்குள் என்று கையால் தடவிப் பார்த்து, கையுறையில் ரத்தம் ஒட்டுகிறதா என்று ஒவ்வொரு தடவையும் பார்க்க வேண்டும். இருட்டிலும் கறுப்புத் துணியிலும் ரத்தம் கண்ணுக்குத் தெரியாது.

கை கால் காயத்தில் ரத்தம் பீறிட்டாலோ, தரையில் குளம்போல் தேங்கினாலோ டூர்னிக்கெட். காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே, மூட்டின் மீது படாமல் போட வேண்டும். காயம் எங்கே என்று புரியவில்லையென்றால் கை அல்லது காலின் உச்சியில். பேன்ட் பையில் சாவி, செல்போன் இருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள். பட்டைக்கு அடியில் மாட்டிக்கொண்டால் அழுத்தம் சரியாக விழாது. பட்டையை விரல்நுனி நுழையாத அளவு இழுத்து ஒட்டிய பிறகுதான் முறுக்குக் குச்சியைத் தொட வேண்டும். சரியாக இழுத்திருந்தால் பொதுவாக மூன்று அரைச்சுற்றிலேயே ரத்தம் நின்றுவிடும். முறுக்கிக்கொண்டே போக வேண்டியிருந்தால் பட்டையில் தொய்வு இருக்கிறது என்று அர்த்தம். ரத்தம் நிற்க வேண்டும், அதற்குக் கீழே நாடியும் கிடைக்கக் கூடாது. நிற்காவிட்டால் முதலாவதை அவிழ்க்காமல் அதற்கு மேலே இரண்டாவதைப் போடுங்கள்.

வலி உயிர் போகும். காயம்பட்டவர் கத்துவார், அவிழ்த்துவிடச் சொல்லிக் கெஞ்சுவார். இதை முன்கூட்டியே சொல்லிவைக்காவிட்டால் உங்கள் ஆட்களே இரக்கப்பட்டுத் தளர்த்திவிடுவார்கள். நடுநடுவே தளர்த்தி ரத்தம் ஓடவிட வேண்டும் என்ற பழைய பாடம் ஆபத்தானது. ஒவ்வொரு தளர்த்தலிலும் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் போய் ஆளே போய்விடுவார். இரண்டு மணி நேரம் வரை கட்டியிருந்தால் கை கால் போய்விடும் என்ற பயம் வேண்டாம். கட்டிய நேரத்தை மட்டும் மார்க்கரால் பட்டையிலோ நெற்றியிலோ எழுதிவிடுங்கள்.

பெல்ட் பற்றி: கையால் இழுத்துக் கட்டும் பெல்ட் தமனியை அடைக்காது. தோலுக்கு அருகில் இருக்கும் சிரைகளை மட்டும் அடைக்கும். உள்ளே ரத்தம் போய்க்கொண்டே இருக்கும், திரும்பி வர வழி இருக்காது. கசிவு முன்பைவிட அதிகமாகும். வேறு வழியே இல்லையென்றால் மூன்று நான்கு செ.மீ. அகலமுள்ள துணிப்பட்டையில் ஒடியாத ஒரு குச்சியைச் சொருகி முறுக்கலாம். அதுவும் பல சமயம் வழுக்கும், ஒடியும். ஆகவே டூர்னிக்கெட் இல்லாதபோது முதல் வழி நேரடி அழுத்தம்தான்.

தொடை இடுக்கு, அக்குள், கழுத்து அடி. இங்கெல்லாம் டூர்னிக்கெட் உட்காராது. காஸைத் திணிக்க வேண்டும். வகுப்பில் அரை மணி நேரம் இதற்கே ஒதுக்குங்கள். காஸை மேலே வைத்து அழுத்துவது திணிப்பது ஆகாது. தேங்கிய ரத்தத்தைத் துடைத்துவிட்டு, விரலை ஓட்டைக்குள் விட்டு, சூடாகப் பீறிடும் இடத்தைத் தேட வேண்டும். அந்த இடத்தை விரலால் அடைத்துக்கொண்டே மற்றக் கையால் காஸின் நுனியை உள்ளே தள்ளி, எலும்போடு சேர்த்து அழுத்தும்படி விரல் மாற்றி விரல் மாற்றி நிரப்ப வேண்டும். இனி உள்ளே போகாது என்றானபின் மீதியை மேலே குவித்து, முழங்கையை மடக்காமல் உடல் எடையைப் போட்டு அழுத்தம். சாதா காஸ் என்றால் பத்து நிமிடம், ரத்தத்தை உறையவைக்கும் மருந்து ஏற்றிய காஸ் என்றால் குறைந்தது மூன்று நிமிடம். இடையில் எடுத்துப் பார்க்கவே கூடாது. உறைந்த கட்டி கையோடு வந்துவிடும்.

நெஞ்சிலும் வயிற்றிலும் காஸைத் திணிக்காதீர்கள். ரத்தம் வரும் இடம் விரலுக்கு எட்டாத ஆழத்தில் இருக்கிறது. குடல் வெளியே வந்திருந்தால் உள்ளே தள்ள வேண்டாம், சுத்தமான ஈரத்துணியால் மூடினால் போதும். நெஞ்சு ஓட்டையைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக்கால் மூன்று பக்கம் ஒட்டி மூடலாம்.

குடிக்கத் தண்ணீர் தராதீர்கள், ஆபரேஷன் காத்திருக்கிறது. ஈரத்துணியை அகற்றி, தரைக்கும் முதுகுக்கும் நடுவிலும் சேர்த்துப் போர்த்துங்கள். உடம்பு குளிர்ந்தால் ரத்தம் உறையாது, ரத்தம் உறையாவிட்டால் கசிவு கூடும், கசிவு கூடினால் இன்னும் குளிரும்.

அறுவை_அரங்கம்:

மேலே சொன்னதில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பயிற்சி குறைந்தவர்களுக்கு மூன்று பக்க ஒட்டல் வேண்டாம். ஐரோப்பிய புத்துயிர்ப்புக் கவுன்சிலின் 2021 முதலுதவி நெறிமுறை, நெஞ்சில் உள்ள திறந்த காயத்தை மூடாமல் விடச் சொல்கிறது. மூடிய பிளாஸ்டிக்கில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டால், நுரையீரலிலிருந்து கசியும் காற்று வெளியேற வழியின்றி நெஞ்சுக்குள் சேரும். அது நுரையீரலை நசுக்கி, இதயத்துக்கு ரத்தம் திரும்புவதையும் தடுக்கும். ஓட்டையின் ஓரத்தில் ரத்தம் கசிந்தால் அந்த இடத்தை மட்டும் அழுத்தலாம். காற்றுப்போக்கி வைத்த செஸ்ட் சீல் (நெஞ்சு ஓட்டையின் மேல் ஒட்டும் தாள்) கொடுத்து, அதற்குப் பயிற்சியும் கொடுத்தால் அதைப் பயன்படுத்தலாம். யாராவது ஏற்கெனவே மூடியிருந்து மூச்சுத்திணறல் கூடினால், உடனே ஓரத்தைத் தூக்கிவிட வேண்டும். நினைவோடு இருப்பவரைக் கட்டாயப்படுத்திப் படுக்க வைக்காதீர்கள். உட்கார்ந்தால் மூச்சு விட முடிகிறது என்றால் உட்காரட்டும்.

அந்தப் பத்து நிமிடத் தோட்டாப் பாடத்தில் இதைச் சொல்லுங்கள்: வெளியே தெரியும் ஓட்டையை வைத்து உள்ளே உள்ள சேதத்தைக் கணக்கிட முடியாது. ஆற்றல் வேகத்தின் இருமடிப்படி ஏறும். வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்கு. கைத்துப்பாக்கிக் குண்டு பொதுவாக விநாடிக்கு 250 முதல் 450 மீட்டர், ரைபிள் குண்டு 700 மீட்டருக்கு மேல். ரைபிள் குண்டு திசுவுக்குள் புரளும்போதும் உடையும்போதும் சுற்றியுள்ள தசை ஒரு கணம் பலூன்போல் விரிந்து சுருங்கும். நுரையீரலும் தசையும் இழுவைத்தன்மை உள்ளவை, ஓரளவு தாங்கும். கல்லீரல், மண்ணீரல், மூளை தாங்காது, பிளந்துவிடும். எலும்பில் பட்டால் எலும்புச் சில்லுகளே குண்டுகளாகின்றன. உள்ளே போன குண்டு நேர்கோட்டில் வெளியேறும் என்ற கணக்கும் தப்பு. தோள்பட்டையில் ஓட்டை இருக்கும், குண்டு வயிற்றில் கிடக்கும். அதனால்தான் எக்ஸ்ரேயில் நாங்கள் ஒரு கூட்டல் போடுகிறோம்: தோலில் உள்ள ஓட்டைகள், உள்ளே தங்கிய குண்டுகள், இரண்டையும் கூட்டினால் இரட்டைப்படை எண் வர வேண்டும். ஒற்றைப்படை வந்தால் ஒன்றைத் தவறவிட்டிருக்கிறோம், அல்லது குண்டு உடைந்திருக்கிறது.

எது குண்டு நுழைந்த ஓட்டை, எது வெளியேறிய ஓட்டை என்று தன்னார்வலர்கள் யாரிடமும் சொல்லக்கூடாது. சிறியது நுழைவு, பெரியது வெளியேற்றம் என்பது அடிக்கடி பொய்க்கும், அந்த வார்த்தை நீதிமன்றம் வரை போகும். எந்த இடம், எவ்வளவு அளவு என்று மட்டும் எழுதுங்கள். துணியை வெட்டும்போது ஓட்டையின் ஊடாக வெட்டாமல் தள்ளி வெட்டுங்கள். காகிதப் பையில் போடுங்கள். பிளாஸ்டிக்கில் ஈரம் அடைபட்டுத் தடயம் கெட்டுவிடும்.

ஆம்புலன்ஸ் வந்ததும் ஏன் ட்ரிப் ஏற்றவில்லை என்று கூட்டம் சண்டைக்குப் போவதுண்டு. உங்கள் ஆட்கள் அந்த நேரத்தில் விளக்கிச் சொல்லட்டும். உடலின் நடுப்பகுதியில் குண்டு பாய்ந்த, கத்திக்குத்துப் பட்ட 598 பேரை வைத்து அமெரிக்காவின் ஹூஸ்டனில் நடந்த ஆய்வு 1994-ல் வெளிவந்தது. ஆபரேஷன் தியேட்டர் சேரும்வரை திரவம் ஏற்றாமல் காத்திருந்தவர்களில் 70 சதவீதம் பிழைத்தார்கள். வழியிலேயே ஏற்றப்பட்டவர்களில் 62 சதவீதம். ட்ரிப்பில் ஏற்றும் உப்புநீர் ரத்த அழுத்தத்தை ஏற்றி, உறைந்த கட்டியைப் பெயர்த்து, மிச்ச ரத்தத்தையும் நீர்க்கச் செய்கிறது. தேவைப்படுவது ரத்தமும் சர்ஜனும். கசிவைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலத்துக்கும் கெடு உண்டு. 20,000-க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து நடந்து 2010-ல் வெளிவந்த ஆய்வின் தரவுப்படி, காயம்பட்டு மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன். அதன்பின் கொடுத்தால் கெடுதல். காயம்பட்ட நேரத்தை யாராவது சரியாகச் சொன்னால் எங்களுக்குப் பெரிய உதவி.

முதலுதவி_வகுப்பு:

நன்றி. நெஞ்சுக் காயத்துக்கு "மூடாதே" என்று திருத்திவிட்டேன். வீடு திரும்பியவர்களைப் பற்றி: "குண்டை எடுக்காமலேயே அனுப்பிவிட்டார்கள், டாக்டர் ஏமாற்றிவிட்டார்" என்ற புகார் நிறையக் குடும்பங்களில் இருக்கிறது. இதற்கு என்ன பதில் சொல்வது? எந்த அறிகுறி வந்தால் திரும்ப ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்?

மறுவாழ்வு_மருத்துவம்:

டாக்டர் ஏமாற்றவில்லை. குண்டு செய்ய வேண்டிய சேதத்தைப் பாய்ந்த கணத்திலேயே செய்துவிட்டது. தசைக்குள் கிடப்பதைத் தேடிப் போனால் நல்ல நரம்பையும் ரத்தக்குழாயையும் வெட்ட நேரும். எடுத்தே ஆக வேண்டிய இடங்கள் உண்டு: மூட்டுக்குள், கண்ணுக்குள், ரத்தக்குழாய்க்குள், நரம்பையோ தண்டுவடத்தையோ அழுத்துகிற இடத்தில். தோலுக்கு அடியில் உட்கார்ந்து, உட்காரும்போதும் படுக்கும்போதும் குத்தினால் பிறகு நிதானமாக எடுத்துக்கொள்ளலாம்.

மூட்டை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், ஈயம் தசைக்குள் தழும்பால் சூழப்பட்டு அடங்கிக் கிடக்கும். மூட்டுநீரிலோ கரையும். கரைந்த ஈயம் ரத்தத்தில் கலந்து மாதங்கள், சில சமயம் வருடங்கள் கழித்து வயிற்றுவலி, மலச்சிக்கல், சோகை, மறதி, எரிச்சல் குணம், கை கால் பலவீனம் என்று வெளிப்படும். குண்டு பட்டதை யாரும் அப்போது நினைத்துப் பார்ப்பதில்லை. அல்சர் மாத்திரை, சத்து மாத்திரை என்று நாள் போகும். உள்ளே குண்டு தங்கியிருப்பவர் எந்த டாக்டரிடம் போனாலும் அதைச் சொல்ல வேண்டும். ரத்தத்தில் ஈய அளவு பார்க்கும் பரிசோதனை எளிது. எலும்பு முறிவோடு கிடக்கும் குண்டு, பல சில்லுகளாகச் சிதறிய குண்டு, கர்ப்பமாக இருப்பவர்கள், இவர்களில் கூடுதல் கவனம். கர்ப்ப காலத்தில் எலும்பில் சேர்ந்திருக்கும் ஈயம் ரத்தத்துக்கு வந்து குழந்தையையும் சேரும்.

எம்ஆர்ஐ எடுக்கும்முன் கட்டாயம் சொல்லச் சொல்லுங்கள். ஈயத்தையும் செம்பையும் காந்தம் இழுக்காது. எஃகு கலந்த குண்டையும் எஃகு ரவையையும் இழுக்கும்.

தன்னார்வலர் வீட்டுக்குப் போனால் பார்க்க வேண்டியவை: காய்ச்சல், சீழ், காயத்தைச் சுற்றிச் சிவப்புப் பரவுவது. சுட்ட சூட்டில் குண்டு சுத்தமாகிவிடும் என்பது உண்மையில்லை, துணியும் அழுக்கும் அதோடு உள்ளே போகும். டெட்டனஸ் ஊசி போட்டாயிற்றா என்று கேளுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கினாலும், திடீர் மூச்சுத்திணறல் வந்தாலும் அன்றே அனுப்புங்கள், ரத்தக்கட்டி இருக்கலாம். காயம் ஆறிய இடத்துக்கு அருகில் நாடியோடு சேர்ந்து துடிக்கிற வீக்கம் தெரிந்தால் அது தமனி உப்பல். அமுக்கிப் பார்க்காமல், எண்ணெய் தடவி நீவாமல் நேரே ஆஸ்பத்திரி.

நரம்புதான் அதிகம் கைவிடப்படும் இடம். முழங்காலுக்குப் பக்கவாட்டில் குண்டு உரசிப் போனவரின் பாதம் தொங்கிவிடும். நடக்கும்போது கட்டைவிரல் தரையில் இழுபடும், அதைத் தவிர்க்க முழங்காலை மிக உயர்த்தி அடி வைப்பார். குண்டு நரம்பை வெட்டாமல் அதிர்ச்சியால் மட்டும் முடக்கியிருந்தால் வாரங்களிலோ மாதங்களிலோ தானாகத் திரும்பும். ஆனால் அதுவரை பாதத்தைச் செங்குத்தாகத் தாங்கும் ஸ்பிளின்ட் போடாமல் விட்டால் குதிகால் தசைநாண் சுருங்கிவிடும். பிறகு நரம்பு உயிர்பெற்று வந்தாலும் பாதம் நிமிராது. தினமும் சில தடவை, முழங்காலை நீட்டியபடி பாதத்தைத் தன் பக்கமாகத் துண்டால் இழுத்து முப்பது விநாடி பிடிக்கச் சொல்லுங்கள். மூன்று மாதம் ஆகியும் அசைவே இல்லையென்றால் நரம்பு சர்ஜனைப் பார்க்க வேண்டும். தாமதிக்க முடியாது. வெட்டுப்பட்ட நரம்பு நாளுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் வளரும், தசையோ ஒன்றரை வருடத்துக்குள் நரம்பை ஏற்கும் திறனை இழந்துவிடும்.

தீப்பட்டதுபோல எரிகிறது, துணி உரசினால்கூடத் தாங்க முடியவில்லை என்பவர்களைப் போதைக்கு நடிக்கிறார் என்று ஒதுக்காதீர்கள். அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்திலேயே நரம்பில் குண்டு பட்ட வீரர்களிடம் மருத்துவர் வெயர் மிட்செல் இதை விவரமாகப் பதிவு செய்திருக்கிறார். சாதா வலி மாத்திரைக்கு இது அடங்காது. நரம்பு வலிக்கென்று தனி மருந்துகள் உண்டு.

மனநலப்பிரிவு:

முதல் சில வாரங்களில் தூக்கம் கெடுவது, பட்டாசுச் சத்தத்துக்கு உடல் தூக்கிவாரிப்போடுவது, சம்பவம் கண்முன் ஓடுவது பெரும்பாலோருக்கு இருக்கும். பலருக்குத் தானாகக் குறையும். ஒரு மாதம் தாண்டியும் வேலையையோ வெளியே போவதையோ முடக்கினால் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். அதிர்ச்சியை மையமாக வைத்த பேச்சுச் சிகிச்சைகளுக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது.

உங்கள் தன்னார்வலர்கள் செய்யக்கூடாத ஒன்று: எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்து "நடந்ததை முழுக்கச் சொல்லுங்கள், மனசு லேசாகும்" என்பது. ஒரே அமர்வில் கட்டாயமாகக் கிளறுவது பலன் தரவில்லை, சிலருக்கு நிலைமையை மோசமாக்கியது என்பதால் நெறிமுறைகள் அதைக் கைவிட்டுவிட்டன. பேச வந்தால் கேளுங்கள். பேசாவிட்டால் இன்று தூங்க இடம் இருக்கிறதா, யார் கூட இருக்கிறார்கள், மருந்து வாங்கியாயிற்றா என்று கேளுங்கள். தூக்கத்துக்கு டயாசிபாம் வகை மாத்திரையை வீட்டில் யாரோ வாங்கிக் கொடுப்பது சகஜம். உலக சுகாதார நிறுவனம் 2013 வழிகாட்டியில் முதல் மாதத்தில் இவற்றைத் தர வேண்டாம் என்று சொல்கிறது.

தன்னைத்தானே சுட்டுக்கொண்டு பிழைத்தவர் வீட்டில் நேரடியாகவே கேளுங்கள்: "மறுபடியும் அந்த எண்ணம் வருகிறதா?" கேட்பதால் எண்ணம் விதைக்கப்படுவதில்லை. கூடவே, துப்பாக்கி இப்போது எங்கே இருக்கிறது என்று குடும்பத்திடம் கேளுங்கள். வீட்டுக்கு வெளியே, சட்டப்படி ஒப்படைக்கக்கூடிய இடத்தில் இருப்பதே நல்லது. முடியாவிட்டால் தோட்டா நீக்கிப் பூட்டி, தோட்டாக்களைத் தனியே பூட்டி, சாவி அவருக்குத் தெரியாத இடத்தில். அந்த நெருக்கடி பல பேருக்குச் சில மணி நேரத்திலேயே தணிந்துவிடுகிறது. இஸ்ரேல் ராணுவம் 2006-ல் வார விடுமுறைக்குப் போகும் வீரர்கள் துப்பாக்கியை முகாமிலேயே விட்டுப் போக வேண்டும் என்று மாற்றியதும் இளம் வீரர்களின் தற்கொலை சுமார் 40 சதவீதம் குறைந்தது. முயற்சியில் பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பிறகு தற்கொலையால் இறப்பதில்லை. இதைக் குடும்பத்திடம் சொல்லுங்கள், அவர்களுக்கு அது தேவைப்படுகிறது.

காஸைத் திணித்த தன்னார்வலரையும் மறுவாரம் ஒரு தடவை விசாரியுங்கள்.

சமூகநலம்_தரவு:

2016-ல் உலகம் முழுவதும் துப்பாக்கியால் இறந்தவர்கள் ஏறக்குறைய 2,51,000 பேர். இதில் பாதி ஆறே நாடுகளில்: பிரேசில், அமெரிக்கா, மெக்சிகோ, கொலம்பியா, வெனிசுலா, குவாத்தமாலா. ஒரு நாட்டுக்குள்ளும் இப்படித்தான், சில தெருக்களில் குவியும். குண்டு படாதவர்களும் பாதிக்கப்படுகிறார்கள். தங்கள் வட்டாரத்தில் கொலை நடந்து ஒரு வாரத்துக்குள் சோதிக்கப்பட்ட சிகாகோ குழந்தைகளின் வாசிப்பு மதிப்பெண் சரிந்ததை 2010-ல் வெளியான ஆய்வு காட்டியது. அவர்கள் சம்பவத்தைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

உங்கள் குழுவால் செய்ய முடிந்தது ஒன்று உண்டு. காயம் நடந்த சரியான இடம், நேரம், ஆயுதம். இந்த மூன்றையும் பெயர் இல்லாமல் பதிந்து வையுங்கள். பிரிட்டனின் கார்டிஃப் நகரில் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுகள் இதைத்தான் காவல்துறைக்கும் நகராட்சிக்கும் கொடுத்தன. வன்முறைக் காயத்துக்காக ஆஸ்பத்திரியில் சேருவது, ஒப்பிட்ட மற்ற நகரங்களைவிட 42 சதவீதம் குறைந்தது. அங்கே பெரும்பாலும் கைகலப்பும் கண்ணாடிக் காயமும்தான், ஆனாலும் பதிவு செய்யும் முறை இங்கும் அதேதான். "சந்தைப் பக்கம்" என்று எழுதினால் பிரயோஜனமில்லை. "சந்தையின் பின்வாசல், விளக்கு எரியாத மூலை, இரவு 11.40" என்றால் யாராவது விளக்கையாவது போடுவார்கள். இடத்தைச் சீர்செய்வதற்கே பலன் உண்டு. பிலடெல்பியாவில் குப்பை மண்டிய 541 காலி மனைகளை எடுத்து, குலுக்கல் முறையில் சிலவற்றைச் சுத்தம் செய்து புல்லும் மரமும் வைத்துத் தாழ்வான மரவேலி போட்டார்கள். ஏழ்மை மிகுந்த பகுதிகளில் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்தது.

பழிவாங்கல் அடுத்த ஆபத்து. அது ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே பேசப்படும். அந்த வட்டாரத்தில் மதிப்புள்ள ஒருவர் கட்டிலருகே போய்ப் பேசி, வீடு திரும்பிய பின்னும் வேலை, படிப்பு, இருப்பிடம் என்று தொடர்வதை அமெரிக்காவின் ஓக்லாந்தில் 1994-ல் தொடங்கினார்கள். உங்கள் தன்னார்வலர் அந்த வேலையில் இறங்க வேண்டாம், அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். சுட்டது யார் என்று கேட்பதும் அவர் வேலையில்லை. கேட்டால் அடுத்த தடவை அந்த வீட்டுக் கதவு திறக்காது.

அவசரசிகிச்சை24:

நெஞ்சுக் காயத் திருத்தம் சரி, என் குறிப்பிலும் மாற்றிக்கொள்கிறேன்.

பை விஷயத்தில் ஒன்று விட்டுப்போயிற்று. வகுப்பில் முறுக்கிப் பழகிய டூர்னிக்கெட்டைத் திரும்பப் பையில் வைக்காதீர்கள். பட்டை இழுபட்டு, குச்சி பலமிழந்து, உண்மையான காலில் போடும்போது ஒடியும். பயிற்சிக்கென்று நான்கைந்தை வேறு நிறத்தில் குறியிட்டுத் தனியே வையுங்கள். ஆளுக்கு ஒன்று போதாது, இரண்டு கொடுங்கள். தொடைக்குப் பல சமயம் இரண்டாவது தேவைப்படும். பிளாஸ்டிக் உறையைப் பிரித்து, பட்டையை வளையமாகக் கோத்துத் தயாராக வைத்திருக்கட்டும். ரத்தம் தோய்ந்த கையுறையோடு உறையைக் கிழிக்க முடியாது. காஸையும் சுருளாக வாங்காமல், மடிப்பு மடிப்பாக மடித்து வரும் வகையாக வாங்குங்கள். சுருளாக இருந்தால் கையிலிருந்து நழுவி மண்ணில் உருண்டுவிடும்.